‘குழந்தை 81’ யார் பெத்த பிள்ளை?

தூத்துக்குடி துறைமுகத்துப் பக்கம் நின்னு கடலைப் பார்த்திருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? எதிர்க்கரை இலங்கை. அந்தத் தீவோட கிழக்குக் கரையில் இருக்கு கல்முனை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அங்கே ஒரு கைக்குழந்தை தனியா மீட்கப்பட்டது. ஆஸ்பத்திரியில் அன்னிக்குச் சேர்ந்த 81-வது நோயாளி. அதனால பெயரே ‘குழந்தை 81’!

‘எங்க பிள்ளை’னு ஒரு தம்பதி கதறினாங்க. வேற சிலரும் உரிமை கேட்கிறதா பேச்சு கிளம்பிச்சு. அலை எல்லாத்தையும் வாரிட்டுப் போன ஊர்ல, ஆதாரமா எதைக் காட்டுறது? கோர்ட் டி.என்.ஏ. டெஸ்ட்டுக்கு உத்தரவு போட்டது.

நமக்கு 23 ஜோடி குரோமோசோம். ஒவ்வொரு ஜோடியிலும் ஒண்ணு அம்மா தந்தது, இன்னொண்ணு அப்பா தந்தது. அதில் சில இடங்களில் டி.என்.ஏ. எழுத்துகள் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும். உங்களுக்கு 9 தடவைன்னா, பக்கத்து பெஞ்ச் நண்பனுக்கு 12 தடவை இருக்கலாம். நோய் இல்லை, சும்மா வித்தியாசம்தான். ஓர் இடம் பொருந்தினா தற்செயல். பத்துப் பதினைஞ்சு இடத்திலும் பாதி அம்மாவோட, பாதி அப்பாவோட பொருந்தினா? சந்தேகத்துக்கு இடமே இல்லை. (ஒரே கரு இரட்டையர் மட்டும் இந்த டெஸ்ட்டுக்கே டிமிக்கி கொடுப்பாங்க!)

2005 பிப்ரவரி 14. காதலர் தினத்தன்று ரிசல்ட் வந்தது. கதறிய அந்தத் தம்பதிதான் பெத்தவங்க! ரெண்டே நாளில் பிள்ளை அம்மா மடியில்.

இனி யாராவது ‘அப்படியே அப்பா ஜாடை’ன்னா சிரிச்சுக்கோங்க. ஜாடை ஏமாத்தலாம், உள்ளே இருக்கிற கணக்கு ஏமாத்தாது.