சவர்த் தண்ணீரில் எண்ணெய்ப் பயிர்

சனிக்கிழமை எள்விளக்கு, எண்ணெய் முழுக்கு, பிள்ளைகள் விரும்பும் எள்ளுப்பாகு என நம் இல்லங்களில் எள்ளுக்குள்ள இடம் பெரிது. ஆயினும் எண்ணெய்க்கு நாம் கடையையே நாடுகின்றோம். ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு முதலிய இடங்களில் வெறுமையாய்க் கிடக்கும் காணிகளைக் காணும்போது, இங்கே எண்ணெய் வித்துகளை விளைவித்தால் என்ன என்ற வினா எழுவது இயல்பே. அதற்கு முதல் தடை கிணற்றுச் சவர்த் தண்ணீர். அதன் இயல்பைச் சற்று ஆராய்வோம்.

நமது தீவகத்தில் ஆறுகள் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரி மழையே சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி நன்னீராகத் தங்குகின்றது. கடல் நீரிலும் இலேசானதாகையால், அந்நன்னீர் கடல் நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது அறிஞர் கண்ட கணக்கு. இதனை மறுபுறமாக நோக்குங்கள்: நீர்மட்டத்தை நீண்ட நாள் ஓரடி தாழ்த்தி வைத்தால், கீழிருந்து உப்பு நீர் 40 அடி மேலேற வழி திறக்கின்றோம். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனித உழைப்பே அதற்கு ஓர் எல்லை வகுத்தது. இயந்திரத்துக்கு அத்தகைய எல்லை இல்லை.

உப்பு பயிரை எவ்வாறு வருத்துகின்றது? ஊறுகாய்க்காக மாங்காயை வெட்டி உப்பிட்டால், துண்டுகளிலிருந்து நீர் கசிவதைத் தாய்மார் அறிவர். மண்ணில் உப்பு மிகுந்தால் வேருக்கும் இத்தகைய நெருக்கடியே நேர்கின்றது. நிலம் ஈரமாயிருந்தும் செடியால் நீரை எளிதில் உறிஞ்ச இயலாது. லீற்றருக்கு 2 கிராம் உப்புள்ள நீரை, ஒரு போகத்தில் மொத்தம் 50 சதமமீற்றர் ஆழத்துக்கு இறைப்பதாகக் கொள்வோம். ஒரு பரப்புக் காணியில் ஏறத்தாழ 250 கிலோ உப்பு சேரும். 50 கிலோ மூடையில் ஐந்து மூடை! அடுத்த மாரி அதனைக் கழுவி இறக்காவிடில் நிலம் பாழாகும்.

எல்லா எண்ணெய்ப் பயிர்களும் உப்பை ஒரே அளவில் தாங்குவதில்லை. நாம் விரும்பும் எள் உப்புக்கு மிக அஞ்சுவது. கச்சானும் அத்துணை வலியதன்று. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 1985 இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, லீற்றருக்கு ஏறத்தாழ 1.4 கிராமுக்கு மேல் உப்புள்ள நீரில் கச்சானின் விளைவு குறையத் தொடங்கும். 2 கிராமைச் சற்றுத் தாண்டினால் பாதியாகும். சூரியகாந்தியும் குசும்பாவும் இவற்றிலும் மேலாகத் தாங்கும். கடுகினம் இன்னும் வலியது. 1969 இல் தொடங்கப்பெற்ற, இந்தியாவின் கர்னால் நகரிலுள்ள மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிலையம், சி.எஸ். 52, சி.எஸ். 54 முதலிய உவர் தாங்கும் கடுகு வகைகளை உருவாக்கியுள்ளது. ஆனால் கடுகு குளிர் விரும்பும் பயிர். வடஇந்தியப் பனிக்காலம் நமக்கு இல்லை. ஆகவே சிறு பாத்தியில் சோதித்துப் பாராமல் காணி முழுவதும் விதைத்தல் தகாது. கரையோரங்களில் தென்னை நன்கு தாங்கும். பலனுக்குச் சில ஆண்டுகள் பொறுக்க வேண்டும்.

அப்படியாயின் எள்ளைக் கைவிடுவதா? வேண்டியதில்லை. அதற்குக் கிணற்றைவிட மழையையே நம்ப வேண்டும். மண்ணின் உப்பை மாரி கழுவிய பின், வெள்ளம் வடிந்ததும் எஞ்சிய ஈரத்தில் விதைத்தால், ஏறத்தாழ மூன்று மாதங்களில் எள் முற்றிவிடும். நீர் தேங்குவதும் எள்ளுக்கு ஆகாது என்பதை மறத்தலாகாது.

எப்பயிராயினும் முளைக்கும் பருவமே மென்மையானது. அப்போது மழை நீரோ நல்ல தண்ணீரோ கிடைத்தல் வேண்டும். செடி வேரூன்றிய பின்னரே சவர் நீரைப் பயன்படுத்தலாம். அதனை இலைமேல் தெளியாது அடியில் ஊற்றுதல் நன்று. இலையில் உலரும் உப்பு அதனைக் கருக்கிவிடும். எருவும் பனையோலைப் பசளையும் ஈரத்தைக் காக்கும்.

மாணவர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மூன்று சட்டிகளில் எள்ளையும் வேறு மூன்றில் கடுகையும் விதைத்து, ஒன்றுக்கு மழை நீரும், ஒன்றுக்கு லீற்றருக்கு 2 கிராம் உப்பிட்ட நீரும், மற்றதற்கு 4 கிராம் இட்ட நீரும் ஊற்றி, முளைகளை எண்ணிக் குறித்து வருக.

ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகின்றோம். தோட்டத்துக் கிணறும் குடிநீர்க் கிணறும் ஒரே நீர் வில்லையிலிருந்தே ஊறுகின்றன. ஒருவர் எண்ணெய்ப் பயிருக்காக அளவின்றி இறைத்தால், அயலாரின் குடமும் சவர்த்துப் போகும். எனவே கிணற்று நீரின் உப்பை முதலில் அளந்தறிந்து, அதற்கேற்ற பயிரைத் தெரிந்து, சிறுகச் சிறுக இறைப்பதே தீவக மக்களுக்கு உகந்த வேளாண்மை.