பழைய புல்லட் மோட்டார் சைக்கிளில் மின், பிரேக் பழுதுகளைக் கண்டறிதல்

பழைய புல்லட் என்று இக்கட்டுரை குறிப்பிடுவது, வார்ப்பிரும்பு சிலிண்டரும் பாயிண்ட் முறைப் பற்றவைப்பும் கொண்ட 350 சிசி ராயல் என்ஃபீல்டு புல்லட் வண்டியை. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் உருவான இந்த வண்டி, 1955இல் மதராஸ் மோட்டார்ஸ் கூட்டுடன் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் வழியாகச் சென்னை திருவொற்றியூருக்கு வந்தது. அடிப்படை அமைப்பு பல பத்தாண்டுகள் பெரிதாக மாறவில்லை. அதனால்தான் திமிரி, ஆற்காடு, ஆரணிப் பக்கங்களில் அப்பா ஓட்டிய வண்டியை மகன் ஓட்டுவதை இன்றும் காணலாம். முற்பட்டவை 6 வோல்ட், பிற்பட்டவை 12 வோல்ட் மின்னமைப்பு கொண்டவை.

விளக்கு மங்கினால் பேட்டரியை மாற்றுவதும், பிரேக் பிடிக்காவிட்டால் நட்டை இறுக்குவதும் நம் வழக்கம். இரண்டும் சில நாள் பலன் தருவதுபோல் தோன்றும்; பழுது அப்படியே இருக்கும். எதையும் மாற்றுவதற்கு முன் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பெரிய கருவி தேவையில்லை. ஒரு பல்ப், இரண்டு துண்டு ஒயர், ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும்.

எர்த் கோளாறு

மின்சாரம் பேட்டரியிலிருந்து ஒயர் வழியாகப் பல்புக்குப் போகிறது. திரும்பி வருவது வண்டியின் இரும்புச் சட்டம் வழியாக. இந்தத் திரும்பும் பாதையைத்தான் எர்த் என்கிறோம். துரு, சேறு, பெயிண்ட் ஆகிய மூன்றும் அதன் பகைவர்கள்.

6 வோல்ட் வண்டியில் இது ஏன் அதிகம் படுத்துகிறது என்பதற்கு ஒரு சிறு கணக்கு. 24 வாட் பல்ப் 6 வோல்ட்டில் 4 ஆம்பியர் இழுக்கும். துருப்பிடித்த இணைப்பில் கால் ஓம் தடை இருந்தால் அங்கேயே ஏறத்தாழ 1 வோல்ட் போய்விடும், அதாவது ஆறில் ஒரு பங்கு. அதே 24 வாட் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர்தான். இழப்பு அரை வோல்ட், இருபத்து நான்கில் ஒரு பங்கு. ஒரே துரு, ஒரு வண்டியில் கண்ணுக்குத் தெரியாது. இன்னொன்றில் பாதையே தெரியாது.

எர்த் கோளாறுக்குச் சில தெளிவான அறிகுறிகள் உண்டு. பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு மங்கும். ஹாரன் அடித்தால் இண்டிகேட்டர் நிற்கும். விளக்கைப் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மறுமுனையை அந்த விளக்கின் உலோக உடலிலும் வையுங்கள். கிட்டத்தட்டப் பூச்சியம் காட்ட வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் பழுது அந்தப் பாதையில் இருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்துத் திரும்ப முடுக்குங்கள்.

என் வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்த பிறகு இரண்டு பேட்டரிகள் அடுத்தடுத்து மாற்றினேன். கடைசியில் பார்த்தால் எர்த் போல்ட் பெயிண்டின் மேல் முடுக்கப்பட்டிருந்தது. முப்பது ஆண்டு மின்சுற்றுப் பாடம் நடத்தியவனுக்கு இது கொஞ்சம் வெட்கம்தான்.

பேட்டரியை மாட்டும்போது எந்த முனை சட்டத்துடன் சேர்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். அக்கால பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் நேர்முனையே எர்த். மாற்றி மாட்டினால் ரெக்டிஃபயர் கெடும்.

அம்மீட்டர் சொல்வது

ஹெட்லைட் கூட்டின் மேலிருக்கும் சிறிய அம்மீட்டரைப் பலர் அலங்காரம் என்றே நினைக்கிறார்கள். வண்டி கிளம்பாதபோது நான் முதலில் பார்ப்பது அதைத்தான். விளக்குகளை அணைத்து, சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல அழுத்துங்கள். பாயிண்ட் மூடும்போது முள் கழித்தல் பக்கம் சாயும். திறக்கும்போது பூச்சியத்துக்குத் திரும்பும். இப்படி ஆடினால் பேட்டரி, பியூஸ், சாவி, காயில், பாயிண்ட் என்ற வரிசையில் மின்சாரம் ஓடுகிறது. ஆடாமல் பூச்சியத்திலேயே நின்றால் இவற்றில் ஏதோ ஓரிடத்தில் துண்டிப்பு, அல்லது பாயிண்டில் அழுக்கு. கழித்தல் பக்கமே நின்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது ஒயர் எங்கோ இரும்பில் படுகிறது. சோதனை முடிந்ததும் சாவியை அணைத்துவிடுங்கள்; மூடிய பாயிண்டுடன் விட்டால் காயில் சூடேறும்.

பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பாயிண்ட் முகம் அடிக்கடி கருகினால் கண்டன்சரைச் சந்தேகிக்கலாம்.

ஓடும்போது, மிதமான வேகத்திலும் முள் தொடர்ந்து கழித்தல் பக்கமே இருந்தால் சார்ஜ் ஏறவில்லை. எஞ்சினுக்குள்ளிருந்து வரும் ஆல்டர்னேட்டர் ஒயர்களைப் பிரித்து, மல்டிமீட்டரை ஏசியில் வைத்து அளந்தால், வேகத்துடன் வோல்ட் ஏறுகிறதா என்று தெரியும். ஏறினால் குறை ரெக்டிஃபயரிலோ அதற்குப் பிந்தைய இணைப்பிலோ இருக்கும். ஏறாவிட்டால்தான் சுருள்களைத் திறந்து பார்க்க வேண்டும்.

விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். அப்போது விளக்கு அணைந்து வந்தால், கழுத்துப் பகுதியில் ஒயர் உரசி அறுந்துகொண்டிருக்கிறது. பியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றுவது கூடவே கூடாது. மேலே இருப்பது பெட்ரோல் டாங்க்.

பிரேக்

இரு சக்கரங்களிலும் டிரம் பிரேக். முன்னால் கேபிள், பின்னால் கம்பி. லீவர் கேமைத் திருப்ப, கேம் இரண்டு ஷூக்களையும் டிரம்மின் உட்புறத்தில் அழுத்துகிறது.

பிரேக்கை முழுக்கப் பிடித்தபடி, டிரம்முக்கு வெளியே உள்ள சிறு லீவரையும் அதை இழுக்கும் கம்பியையும் பாருங்கள். இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழச் செங்கோணம் இருக்க வேண்டும். ஷூ தேயத் தேய நட்டை இறுக்கிக்கொண்டே போனால் லீவர் செங்கோணத்தைத் தாண்டிச் சாய்ந்துவிடும். அதன்பின் எவ்வளவு மிதித்தாலும் அழுத்தம் குறைவாகவே சேரும். சிலர் லீவரைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டித் தருவார்கள். பிரேக் உடனே நன்றாகப் பிடிப்பதுபோல் இருக்கும். ஆனால் தேய்ந்த ஷூவுடன் இப்படிச் செய்தால் கேம் புரண்டு சக்கரம் இறுகிவிடும் ஆபத்து உண்டு. செங்கோணம் தாண்டினால் ஷூவை மாற்றுவதே வழி.

ஷூ தடிமனாக இருந்தும் பிடிக்கவில்லையென்றால் எண்ணெய் இறங்கியிருக்கலாம். புல்லட்டின் பின் டிரம்மிலேயே சங்கிலிப் பல்சக்கரமும் இருப்பதால், சங்கிலிக்கு அளவுக்கு மீறி எண்ணெய் விடுவது நல்லதல்ல. எண்ணெய் ஊறிய ஷூவைத் தேய்த்துப் பயன்படுத்த வேண்டாம். டிரம்மைத் திறந்ததும் வாயால் ஊதுவதும் தவறு; பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடையுங்கள்.

சங்கிலியை இறுக்கினால் பின்சக்கரம் பின்னே நகரும். பிரேக் கம்பியின் தளர்வும் மாறும். இதை மறந்து, பிரேக் உரசி டிரம் சூடான பிறகு நிற்பவர்கள் பலர். முன் கேபிளில், லீவர் முனையிலுள்ள முடிச்சருகே ஓர் இழை அறுந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. இந்த வண்டிகளில் கால்பிரேக் இடப்பக்கம், கியர் வலப்பக்கம். இக்கால வண்டிக்குப் பழகிய கால், அவசரத்தில் பிரேக் என்று கியரை மிதிக்கும். வண்டியை வீட்டுப் பிள்ளைகளிடம் தருவதற்கு முன் காலி மைதானத்தில் ஓட்டிப் பழகவிடுங்கள்.

பிரேக் விளக்கு

மின்னும் பிரேக்கும் சேருமிடம் இதுதான். மிதிக்கு அருகிலுள்ள சுவிட்ச்சை ஒரு சிறு ஸ்பிரிங் இழுக்கிறது. அது நீண்டுபோனாலோ துருப்பிடித்தாலோ பின்னால் வருபவருக்கு நாம் நிற்பது தெரியாது. பிரேக்கை நட்டில் சரிசெய்த ஒவ்வொரு முறையும் சுவிட்ச்சையும் சரிசெய்ய வேண்டும். ஓட்டுபவருக்கு இந்த விளக்கு கண்ணில் படாது. ஆற்காடு–ஆரணிச் சாலையில் இரவில் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் திடீரென நிற்க வேண்டிவந்தால், நமக்குப் பின்னால் வரும் லாரிக்கு அந்த ஒரு பல்ப்தான் அடையாளம். கிளம்புமுன் சுவர் ஓரமாக வண்டியை நிறுத்தி மிதித்துப் பாருங்கள். எரிகிறதா என்பது சுவரிலேயே தெரியும்.