உங்களுக்குத் தெரியுமா? எடை ஐம்பது கிலோ... அடியோ இடி!

செஞ்சிக் கோட்டைக்குப் போகிற எல்லோரும் நேராக ராஜகிரி உச்சிக்குத்தான் ஏறுகிறார்கள். கல்யாண மகால் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். கீழே தானியக் களஞ்சியத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பழைய கட்டடம் இருக்கிறதே, அது என்ன தெரியுமா? உடற்பயிற்சிக்கூடம்! ஆமாம், கோட்டைக்குள்ளேயே ஜிம்!

அந்தக் கோட்டையின் தேசிங்கு ராஜா 1714-ல் போர்க்களத்தில் உயிர்விட்டபோது அவருக்கு வயது வெறும் 22! தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் முந்நூறு வருஷமாகக் கொண்டாடுகிறோம். 23 வயதில் உலகத்தையே ஜெயித்துவிட்டு மறைந்த இன்னொரு வீரரும் இருக்கிறார். குதிரை இல்லை, வாள் இல்லை. இரண்டே இரண்டு முஷ்டி! அவரையும் அவர் வழி வந்தவர்களையும் தேடித் தேடிப் பிடித்து வந்திருக்கிறேன். படியுங்கள், அசந்துபோவீர்கள்!

ஆண்கள் தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஆகக் குறைந்த எடைப்பிரிவு எது? மினிமம் வெயிட். எல்லை 105 பவுண்டு, அதாவது 47.6 கிலோ. செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் இறக்குகிற 75 கிலோ நெல் மூட்டையைவிட 27 கிலோ குறைவு. அந்த உடம்புக்காரர் உலக சாம்பியன்!

அதற்கு அடுத்த பிரிவு லைட் ஃப்ளைவெயிட், 108 பவுண்டு. இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றரைக் கிலோகூட இல்லை. ஆனால் பெல்ட் வேறு, சாம்பியன் வேறு!

சின்ன உடம்பு, அதனால் சின்னச் சண்டை என்று நினைத்தீர்களா? உலகப் பட்டத்துக்கான சண்டை இவர்களுக்கும் 12 ரவுண்டு. ஒவ்வொன்றும் 3 நிமிடம். ஹெவிவெயிட்காரர்களுக்கும் அதேதான், ஒரு நொடி சலுகை கிடையாது! கையுறை மட்டும் வித்தியாசம். அவர்கள் போடுவது 10 அவுன்ஸ், இவர்கள் போடுவது 8 அவுன்ஸ். மெத்தை குறைவு!

சரி, அந்த 23 வயது வீரருக்கு வருவோம். பெயர் பாஞ்சோ வில்லா. மெக்சிகோ புரட்சிக்காரர் இல்லை, அவர் வேறு. இவர் பிலிப்பைன்ஸ் நாட்டின் இலோக் என்ற ஊரில் 1901-ல் பிறந்த பிரான்சிஸ்கோ கிலேடோ. உயரம் 5 அடி 1 அங்குலம்தான்!

1923 ஜூன் 18. நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். எதிரே நிற்பவர் ஜிம்மி வைல்ட், 1916-லிருந்து ஃப்ளைவெயிட் உலக சாம்பியன். வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத்தில் சிறுவனாக வேலை பார்த்து வளர்ந்தவர். 100 பவுண்டுகூடத் தேறாத உடம்போடு தன்னைவிடப் பருமனான ஆட்களைச் சாய்த்தவர். அந்த வைல்டை ஏழாவது ரவுண்டில் தரையில் கிடத்தினார் வில்லா! வைல்ட் அதன்பிறகு சண்டை போடவே இல்லை!

அந்த ஒரு ராத்திரியில் வில்லா படைத்தது இரண்டு சரித்திரம். பிலிப்பைன்ஸின் முதல் உலக சாம்பியன். ஃப்ளைவெயிட் உலகப் பட்டம் வென்ற முதல் ஆசியர்!

இப்பேர்ப்பட்டவரின் உயிரைப் பறித்தது எது தெரியுமா? பல்! 1925 ஜூலை 4-ல் ஜிம்மி மெக்லார்னினோடு கலிஃபோர்னியாவில் ஒரு சண்டை. பல் பிடுங்கிய வாயோடு, வீங்கிய முகத்தோடு ரிங்கில் ஏறினார். தோற்றார். அது பட்டத்துக்கான சண்டை இல்லை. ஆனால் வாயில் இருந்த சீழ் தொண்டைக்கு இறங்கியது. பத்தே நாள். ஜூலை 14-ல் உயிர் போய்விட்டது. 24-வது பிறந்தநாளுக்கு மூன்று வாரம்கூட இல்லை! அதற்குள் நூறுக்கும் மேற்பட்ட சண்டைகள். உலகப் பட்டத்தை ரிங்கில் யாராலும் அவரிடமிருந்து பறிக்க முடியவில்லை. சாகும்போதும் அவர்தான் சாம்பியன்!

வில்லா பிறந்த அதே நீக்ரோஸ் ஆக்சிடென்டல் மாகாணத்திலிருந்து இன்னொருவர் வந்தார். டானி நியெட்டெஸ். செபு நகரத்து ஜிம் ஒன்றில் முதலில் அவருக்குக் கிடைத்தது துப்புரவு வேலை! அதே ஜிம்மில் கையுறை மாட்டினார். 105, 108, 112, 115 பவுண்டு என்று நான்கு பிரிவுகளில் உலகப் பட்டம்!

நியெட்டெஸ் 2004-ல் ஒரு சண்டையில் தோற்றார். அடுத்த தோல்வி எப்போது? 2022-ல்! நடுவில் ஏறக்குறைய 18 வருஷம் யாராலும் வீழ்த்த முடியாத மனிதர். ஃப்ளாஷ் எலோர்டே என்ற மாவீரர் 7 வருஷம் 3 மாதம் உலக சாம்பியனாக இருந்ததுதான் பிலிப்பைன்ஸில் அசைக்க முடியாத சாதனையாக இருந்தது. 2014-ல் நியெட்டெஸ் அதையும் தாண்டினார். உலகம் அவரைப் பற்றிப் பேசியது ரொம்பக் குறைவு. எடை குறைந்தால் புகழும் குறைய வேண்டுமா என்ன?

பிலிப்பைன்ஸின் மேனி பக்கியாவைத் தெரியும்தானே? 1995-ல் தொழில்முறை ரிங்கில் ஏறியபோது வயது 16. எடை ஏறவே மாட்டேன் என்கிறது. என்ன செய்தார்? எடை பார்க்கும் இடத்தில் சட்டைப்பை, கால்சட்டைப்பையில் எடைக்கட்டிகளைப் போட்டுக்கொண்டு மேடை ஏறினாராம். அவரே சொன்னது!

அதே பையன் 1998 டிசம்பர் 4-ல் தாய்லாந்துக்குப் போய், தாய்லாந்து வீரர் சட்சாய் சசக்குலை எட்டாவது ரவுண்டில் வீழ்த்தி ஃப்ளைவெயிட் பட்டத்தைப் பிடுங்கினார். வயது 19. இருபது முடிய இன்னும் 13 நாள்!

112 பவுண்டில் தொடங்கிய அந்தப் பட்ட வேட்டை 2010-ல் 154 பவுண்டு பிரிவில் போய் நின்றது. மொத்தம் எட்டு எடைப்பிரிவுகளில் உலகப் பட்டம். குத்துச்சண்டை சரித்திரத்திலேயே இவர் ஒருவர்தான்!

ஃப்ளாய்ட் மேவெதர் 50 சண்டை, 50 வெற்றி என்று ஓய்வு பெற்றார். உலகமே வாய் பிளந்தது. அந்தக் கணக்கை 2018-ல் ஒருவர் தாண்டினார். தாய்லாந்தின் வான்ஹெங் மெனயோதின். அவர் எடைப்பிரிவு? அதே 47.6 கிலோ! 54 வெற்றி வரை தோல்வியே இல்லாமல் போய், 2020-ல்தான் முதல் தோல்வி!

மெக்சிகோவின் ரிக்கார்டோ லோபஸோ தோல்வியைப் பார்க்காமலே ஓய்வு பெற்றார். 51 வெற்றி, ஒரு டிரா. அவரும் இதே குட்டி எடைக்காரர்தான்!

அர்ஜென்டினாவின் முதல் உலக சாம்பியன் பாஸ்குவல் பெரெஸ். உயரம் ஐந்தடிக்கும் குறைவு! 1948 லண்டன் ஒலிம்பிக்கில் எடை கூடிவிட்டது என்று அவரை வெளியே அனுப்பப் பார்த்தார்கள். பிறகுதான் தெரிந்தது, சக வீரர் ஒருவரோடு ஆளை மாற்றிக் குழப்பிக்கொண்டார்கள் என்று. உள்ளே விட்டார்கள். தங்கத்தோடு வெளியே வந்தார்!

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 48 கிலோ பிரிவு முதன்முதலாக வந்தது. தங்கம் வென்றவர் வெனிசுவேலாவின் பிரான்சிஸ்கோ ரோட்ரிகஸ். வெனிசுவேலாவுக்கு ஒலிம்பிக்கில் அதுதான் முதல் தங்கம்! 1976-ல் தாய்லாந்துக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் எந்தப் பிரிவில்? அதே 48 கிலோ!

பிலிப்பைன்ஸ் கதை இன்னும் ஜோர். 1988 சியோலில் லியோபோல்டோ செரான்டெஸ் வெண்கலம். 1992 பார்சிலோனாவில் ரோயல் வெலாஸ்கோ வெண்கலம். 1996 அட்லாண்டாவில் மான்சுவேட்டோ வெலாஸ்கோ வெள்ளி. அடுத்தடுத்து மூன்று ஒலிம்பிக், மூன்றும் அதே 48 கிலோ. கடைசி இருவரும் கூடப் பிறந்த அண்ணன் தம்பி!

இனி நம் நாட்டுக்கு வருவோம். சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று வடசென்னையில் கோஷ்டி கட்டிக் குத்துச்சண்டை வளர்த்தவர்கள் நாம். நம் தமிழ்நாட்டு வி. தேவராஜன் 1994 பாங்காக் உலகக் கோப்பையில் 54 கிலோ பாண்டம்வெயிட்டில் வெண்கலம் வென்றது எத்தனை பேருக்கு ஞாபகம்? 1995-ல் அர்ஜுனா விருதும் வாங்கினார்!

நாலே வருஷம். அதே பாங்காக். அதே 54 கிலோ. 1998 ஆசிய விளையாட்டில் மணிப்பூரின் டிங்கோ சிங் தங்கம்! அணியிலிருந்து முதலில் அவரைக் கழற்றிவிட்டிருந்தார்கள். பிறகுதான் சேர்த்தார்கள். போனவர் 16 வருஷத்துக்குப் பிறகு குத்துச்சண்டையில் இந்தியாவுக்கு ஆசியத் தங்கம் கொண்டுவந்தார்!

அந்தத் தங்கத்தைப் பார்த்துக் கையுறை மாட்டிய மணிப்பூர்ப் பெண் யார்? மேரி கோம்!

உலகப் பட்டம் ஆறு. 2002-ல் 45 கிலோ. 2005, 2006, 2008-ல் 46 கிலோ. 2010-லும் 2018-லும் 48 கிலோ. முதல் தங்கத்துக்கும் கடைசித் தங்கத்துக்கும் இடையே 16 வருஷம். ஏறிய எடை மூன்றே கிலோ!

2012 லண்டனில்தான் பெண்கள் குத்துச்சண்டை முதன்முதலாக ஒலிம்பிக்குக்குள் வந்தது. அங்கே ஆகக் குறைந்த பிரிவே 51 கிலோ. மேரி கோம் என்ன செய்தார்? எடையை ஏற்றிக்கொண்டு போய், தன்னைவிடக் கனமான பெண்களோடு மோதி வெண்கலம் கொண்டுவந்தார். அப்போது அவர் இரட்டைக் குழந்தைகளின் தாய்!

இதைக் கேளுங்கள். 2018 செப்டம்பர், போலந்து. போட்டிக்காக விமானம் விட்டு இறங்குகிறார். விடியற்காலை மூன்று, மூன்றரை மணி. காலை ஏழரைக்கு எடை பார்க்க வேண்டும். உடம்பில் இரண்டு கிலோ கூடுதல்! தூக்கம் கிடையாது. ஸ்கிப்பிங் கயிற்றை எடுத்தார். ஒரு மணி நேரம் விடாமல் குதித்தார். வியர்வையாக இரண்டு கிலோவும் இறங்கியது. எடை சரி. போட்டி முடிந்தபோது கழுத்தில் தங்கம்!

எடை பார்க்கிற அந்த நேரம் இருக்கிறதே, அது சண்டையைவிடப் பெரிய சண்டை. முந்தின நாளே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். காற்றுப் புகாத உடுப்பைப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். அப்படியும் முள் கொஞ்சம் தாண்டினால், இரண்டு பேர் துண்டை மறைத்துப் பிடிக்க, உள்ளாடையையும் கழற்றிவிட்டு ஏறுவார்கள். சில கிராமுக்காக!

100 கிராமின் விலை என்ன என்று வினேஷ் போகத்தைக் கேட்டால் தெரியும். மல்யுத்தம்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2024 பாரிஸில் 50 கிலோ இறுதிப்போட்டி நாளன்று 100 கிராம் கூடுதல். பதக்கமே போயிற்று!

அமித் பங்கால், ஹரியானாக்காரர், 49 கிலோ. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதிப்போட்டியில் இவர் வீழ்த்தியது யாரை? உஸ்பெகிஸ்தானின் ஹசன்பாய் துஸ்மதோவை. அவர் அப்போதைய ஒலிம்பிக் சாம்பியன்! அடுத்த வருஷம் 52 கிலோவுக்கு ஏறி உலக சாம்பியன்ஷிப்பில் வெள்ளி. இந்திய ஆண்களில் அந்த வெள்ளியைத் தொட்ட முதல் ஆள்!

ஏன் 52-க்கு ஏறினார்? 2016 ரியோவுக்குப் பிறகு 49 கிலோ பிரிவையே ஒலிம்பிக்கிலிருந்து தூக்கிவிட்டார்கள்! டோக்கியோவில் முதல் சண்டையிலேயே அமித் தோற்றார். வென்றவர் கொலம்பியாவின் யுபெர்ஜென் மார்ட்டினெஸ், ரியோவில் 49 கிலோ வெள்ளிக்காரர். ஒரே எடையில் வளர்ந்த இருவர் வேறொரு எடையில் மோதவேண்டிய நிலை. துஸ்மதோவும் எடை ஏறினார். 2024 பாரிஸில் 51 கிலோவில் இரண்டாவது ஒலிம்பிக் தங்கமே வாங்கிவிட்டார்!

பெண்கள் 48 கிலோவில் நம் பெண்கள் போடுகிற போடு என்ன தெரியுமா? 2010-லும் 2018-லும் மேரி கோம், 2023-ல் நீத்து கங்காஸ், 2025 லிவர்பூலில் மீனாட்சி ஹூடா. எல்லாமே உலக சாம்பியன்ஷிப் தங்கம்! ஆனால் பெண்களுக்கு 48 கிலோ பிரிவு ஒலிம்பிக்கில் இதுவரை ஒருமுறைகூட வந்ததில்லை!

1904 செயின்ட் லூயி ஒலிம்பிக்கில் ஆகக் குறைந்த பிரிவு 47.6 கிலோ. 2028 லாஸ் ஏஞ்சலஸில் ஆண்களுக்கு ஆகக் குறைந்த பிரிவு 55 கிலோ. 124 வருஷத்தில் வாசல் ஏழு கிலோவுக்கு மேல் உயர்ந்துவிட்டது! பாஞ்சோ வில்லாவும் பாஸ்குவல் பெரெஸும் இன்று வந்தால் அவர்கள் எடைக்கு அங்கே பிரிவே கிடையாது. இது அநியாயம். ஆணுக்கும் சரி, பெண்ணுக்கும் சரி, 48 கிலோ பிரிவு ஒலிம்பிக்கில் இருந்தே ஆக வேண்டும்!