விருந்தும் சிறுநீரகமும்

திருமங்கலத்தினின்று தெற்கே சென்றால் விருதுநகரின் எண்ணெய்ப் பரோட்டா. மதுரைக்குள் நுழைந்தால் ஜிகர்தண்டா. ஊருக்குள் மணவிழா என்றாலோ நெய் மணக்கும் பிரியாணி, அதன்பின் இனிப்பு. இவற்றின் சுவையைப் பழிப்பது நம் நோக்கமன்று. விருந்தாக இருந்தது நாள்தோறும் உணவாக மாறியபோது, அச்சுமையை ஓசையின்றித் தாங்கும் உறுப்பைப் பற்றியே இங்குக் கூற விழைகிறோம்.

கைமுட்டியளவே உள்ள சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 இலட்சம் நெஃப்ரான்கள் எனும் நுண்வடிப்பான்கள் உள்ளன. நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீர்மம் அவற்றில் வடிகிறது. அதில் ஒன்றரை லிட்டரளவே சிறுநீராக வெளியேற, எஞ்சியது குருதிக்கே திரும்புகிறது.

இனிப்பும் கொழுப்பும் மிகுந்து உடல் பருக்கும்; ஆனால் நெஃப்ரான்களின் எண்ணிக்கை பெருகுவதில்லை. இருப்பவையே கூடுதலாக உழைக்கின்றன. குருதியில் சர்க்கரை ஏறிவிட்டால் அவற்றினுள் அழுத்தமும் ஏறுகிறது. தொடக்கத்தில் சிறுநீரகம் இயல்பினும் மிகுதியாக வடிக்கும். அது நலத்தின் அறிகுறியன்று. களைத்த மாட்டைச் சாட்டையால் விரட்டுவது போன்றதே. ஆண்டுகள் செல்ல, வடிகட்டும் சவ்வு தடித்துச் சிதைந்து, குருதியில் தங்கவேண்டிய ஆல்புமின் எனும் புரதம் சிறுநீரில் கசிகிறது. பின்னர் வடிப்பான்கள் தழும்பேறி மடிகின்றன. மடிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. உயர் இரத்த அழுத்தமும் சேர்ந்துகொண்டால் சிதைவு விரைவுபடும்.

கொடுமை யாதெனில், இவ்வளவும் வலியின்றி நிகழ்கிறது. கால் வீங்கும்போது காலம் பெரிதும் கடந்திருக்கும். "இரத்தத்தில் உப்பு கூடிவிட்டது" என்று நம் மக்கள் கூறுவது யூரியா, கிரியாட்டினின் ஆகிய கழிவுகளையே, அடுக்களை உப்பையன்று. சமையல் உப்பைக் குறைப்பது இரத்த அழுத்தத்திற்கு நன்று. அதனால் மட்டும் அந்த 'உப்பு' இறங்கிவிடாது. மேலும், வடிக்கும் திறன் பாதியளவு குறையும்வரை கிரியாட்டினின் இயல்பாகவே காட்டக்கூடும். முன்னரே காட்டிக்கொடுப்பது சிறுநீரில் ஆல்புமினைக் காணும் எளிய சோதனையாகும். சர்க்கரை நோயுடையார் ஆண்டுக்கொருமுறை இவ்விரு சோதனைகளையும் செய்துகொள்ளல் வேண்டும்.

இந்தியாவில் சர்க்கரை நோயாளர் 10.1 கோடிப் பேர் என 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு மதிப்பிட்டது. தமிழக அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்குமான மாத்திரைகளை இல்லத்திற்கே கொண்டுவந்தது. வாங்கி அலமாரியில் வைக்கும் பெரியவர்கள் அவற்றை உட்கொள்ளவும் வேண்டுமே! சிறுநீரகம் முற்றும் செயலிழந்தபின், வாரம் மும்முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தருகே கிடக்க நேர்கிறது. மாணவன் ஒருவனின் தந்தைக்கு அந்நிலை வரின், அவன் படிப்பும் அதனோடு தடுமாறும்.

கருப்பட்டியும் தேனும் தீங்கற்றவை என்பார் உளர். அவையும் குருதியில் சர்க்கரையை ஏற்றுவனவே. நோன்பு துறக்கையில் கஞ்சியோடு வடை, சமோசா, சர்பத் என அடுக்குவதையும் எண்ணிப் பார்க்கலாம். சிறுநீரகம் நலிந்தோர் ரமலானுக்கு முன்னரே மருத்துவரைக் கலந்து, நோன்பு தமக்கு ஏற்குமா என அறிதல் வேண்டும். பொட்டாசியம் மிகுந்த இளநீரும் அவர்களுட் பலருக்கு ஆகாது. நோயாளியைக் காணச் செல்வோர் அன்புடன் வாங்கிச் செல்வது பெரும்பாலும் அதைத்தான்.