வீட்டுக்கு இன்டர்நெட்: டெலிபோன் லைனா, கேபிள் லைனா?



சென்ற மாதச் சங்கக் கூட்டம் முடிந்து காப்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, புது வீடு கட்டிக் குடிபோயிருக்கும் மளிகைக்கடைத் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, வீட்டுக்கு இன்டர்நெட் போடணும். டெலிபோன் லைன்ல வாங்கவா, கேபிள்காரர்கிட்ட வாங்கவா? ஒருத்தர் நூறுங்கிறார், இன்னொருத்தர் இருநூறுங்கிறார். எதை நம்புறது?"

நான் பருப்பு வியாபாரி, இன்ஜினீயர் அல்ல. ஆனாலும் இரண்டு லைனுக்கும் பணம் கட்டி, இரண்டிலும் அடிபட்டவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன். நம்மில் பலருக்குக் கீழே கடை, மேலே வீடு. வீட்டு லைன் படுத்தால் பிள்ளைகளின் படிப்போடு நமது பில்லும் படுத்துவிடும். ஆகவே இது வீட்டு விஷயம் மட்டும் அல்ல.

டெலிபோன் லைன் இன்டர்நெட்

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலமாக. அப்போது டெலிபோனில் நம்பர் சுழற்றித்தான் இணைப்புப் பெற வேண்டும். இன்டர்நெட் ஓடும்போது போன் பேச முடியாது. 2005இல் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்த பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. அதற்குக் காரணம் டி.எஸ்.எல். என்ற முறை.

டெலிபோன் கம்பி இரட்டைச் செம்புக் கம்பி. நமது பேச்சு அதில் அடியில் உள்ள சிறு பங்கை மட்டுமே பயன்படுத்தும். மேலே பெரும்பகுதி காலியாகக் கிடக்கும். கீழ்த்தளத்தில் கடை நடக்க, காலியான மாடியைக் குடோனாக்கிக்கொள்வது போல, டி.எஸ்.எல். அந்தக் காலி இடத்தில் இன்டர்நெட்டை ஓட்டுகிறது.

இதன் நன்மை: எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் வீடு வரை வரும் கம்பி உங்களுக்கே சொந்தம். பக்கத்து வீட்டுக்காரர் சினிமா பார்த்தால் அந்தக் கம்பியில் நெரிசல் வராது. இதன் குறை: தூரம். எக்ஸ்சேஞ்சுக்கு அருகில் 24 மெகாபிட் வரை தரக்கூடிய லைன், நாலைந்து கிலோமீட்டர் தள்ளிப் போனால் ஒன்று, இரண்டு என்று இறங்கிவிடும். கம்பியில் தண்ணீர் இறங்கினாலும், ஜாயின்ட் துருப்பிடித்தாலும் வேகம் இன்னும் குறையும்.

கேபிள் லைன் இன்டர்நெட்

டி.வி. சேனல்கள் வரும் தடித்த கேபிளிலேயே இன்டர்நெட்டையும் அனுப்புவது இன்னொரு முறை. அந்தக் கேபிள் அகலமான சாலை. நூறு மெகாபிட்டுக்கு மேலும் அதில் ஓட்டலாம். ஆனால் அந்தச் சாலை தெருவுக்கே பொது. காலை பதினொரு மணிக்குப் பறக்கும் லைன், இரவு எட்டு மணிக்கு எல்லா வீட்டிலும் படம் ஓடும்போது மாட்டு வண்டியாகிவிடும்.

நமது ஊர்களில் பல கேபிள்காரர்கள் டி.வி. கேபிளில் இன்டர்நெட் தருவதில்லை. யாரோ ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் ஒரு பெட்டியை வைத்து, அங்கிருந்து வீட்டுக்கு வீடு தனி வயர் இழுத்துத் தருகிறார்கள். வயர் வேறானாலும் சங்கதி ஒன்றுதான்: பெட்டிக்கு வரும் மொத்தச் சரக்கைத் தெரு முழுவதும் பங்கு போட்டுக்கொள்கிறது.

எனக்கு நேர்ந்தது

2019இல் கொல்லத்துக்கு ஒரு லோடு உளுந்து ஏற்றியிருந்தேன். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு வெளிமாநிலம் போக இ-வே பில் வேண்டும் என்பது நீங்கள் அறிந்ததே. மாலையில் மழை. எங்கள் தெருவில் கரண்ட் இருந்தது, மோடத்தில் விளக்கு எரிந்தது, இன்டர்நெட் மட்டும் இல்லை. மூன்றாவது தெருவில் கரண்ட் போய்விட்டதாம். கேபிள்காரரின் பெட்டி அங்கேதான் இருந்தது. அதற்குப் பேட்டரி வைக்கவில்லை. கணக்குப்பிள்ளையின் கைபேசியில் முயன்றோம். சிக்னல் ஒரு கோட்டில் நின்று விளையாட்டுக் காட்டியது. லாரிக்காரர் வாடகையை ஏற்றுவேன் என்கிறார், அங்கே கடைக்காரர் போன் மேல் போன் போடுகிறார்.

கடைசியில் எதிர்வீட்டு அரிசிக்கடை அண்ணாச்சியிடம் போய் நின்றேன். அவர் வீட்டில் பழைய டெலிபோன் லைன். இரண்டு மெகாபிட் தேறினால் பெரிது. "ஆமை லைன்" என்று நானே கேலி செய்திருக்கிறேன். எக்ஸ்சேஞ்சில் பேட்டரி இருந்ததால் அந்த ஆமை நடந்துகொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் பில் கிடைத்தது, லாரி புறப்பட்டது. இ-வே பில்லுக்கும், ஜி.எஸ்.டி. பில்லுக்கும், யு.பி.ஐ. வரவுக்கும் பெரிய வேகம் தேவையில்லை, அறாத லைன்தான் தேவை என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

இன்றைய நிலை

இப்போது பல ஊர்களில் செம்புக் கம்பி விலகி, அதன் இடத்தில் கண்ணாடி இழையான பைபர் வந்துவிட்டது. டெலிபோன் கம்பெனியும் பைபர் தருகிறது, கேபிள்காரரும் பைபர் தருகிறார். பைபர் கிடைக்கும் இடத்தில் புதிதாக வாங்குபவர் அதையே வாங்கலாம். தூரத்தால் வேகம் குறைவது இதில் மிகவும் சொற்பம். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே இடி இடித்தால் லைன் வழியாக வந்து மோடம் எரியும் பயம் இல்லை.

ஆனால் பைபரும் பங்கு லைன்தான். பரவலாக உள்ள முறையில் ஓர் இழையில் வரும் சுமார் 2,500 மெகாபிட்டை 32 வீடுகளுக்குப் பிரிப்பார்கள். முப்பத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் முழுதாக இழுத்தாலும் ஆளுக்கு எழுபதுக்குக் குறையாது. இதுவே 64 வீடு என்றால் பாதிதான். இன்னொன்று, இழை அறுந்தால் செம்புக் கம்பிபோல முறுக்கி டேப் சுற்ற முடியாது. மெஷின் வைத்துத்தான் ஒட்ட வேண்டும். அந்த மெஷினோடு ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பதே கேள்வி.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

1. "200 வரை" என்று விளம்பரத்தில் இருந்தால் "வரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். இரவு எட்டு மணிக்கு எவ்வளவு வருகிறது என்று அதே லைன் வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் விசாரியுங்கள்.

2. பிட் வேறு, பைட் வேறு. ஒரு பவுனுக்கு எட்டுக் கிராம் போல, ஒரு பைட்டுக்கு எட்டு பிட். விளம்பரம் பிட்டில் பேசும். கம்ப்யூட்டர் பெரும்பாலும் பைட்டில் காட்டும். 40 மெகாபிட் லைனில் நொடிக்கு ஐந்து மெகாபைட் இறங்கினால் கணக்கு சரி.

3. இறங்கும் வேகம் போல ஏறும் வேகமும் கேளுங்கள். டி.எஸ்.எல்.லிலும் டி.வி. கேபிளிலும் ஏறும் வேகம் மிகக் குறைவு. கடையில் கேமரா வைத்து வீட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு கடை லைனின் ஏறும் வேகம் முக்கியம்.

4. மாத அளவு உண்டா? அளவு தாண்டினால் வேகம் எவ்வளவாக இறங்கும்?

5. தெருப்பெட்டி எங்கே இருக்கிறது? அதற்குப் பேட்டரி உண்டா? கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும்? உங்கள் மோடத்துக்கும் ஒரு சிறு பேட்டரி வாங்கிவிடுங்கள்.

6. சொன்ன வாடகைக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. கடை உபயோக இணைப்பைக் கடை பெயரில், ஜி.எஸ்.டி. எண்ணோடு வாங்கினால் அந்த வரியை வரவு எடுக்கலாம். வீட்டு உபயோகத்துக்கும், காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கும் இது கிடையாது.

இவற்றோடு, எந்த லைன் வாங்கினாலும் வேறு கம்பெனி சிம் ஒன்றைக் கைபேசியில் போட்டு வையுங்கள். ஒரே தராசை நம்பிக் கடை திறப்பவர் நம்மில் யாரும் இல்லை.

அந்தத் தம்பியிடம் நான் சொன்ன பதில் இதுதான்: "நூறா இருநூறாங்கிறதை விடு. ராத்திரி எட்டு மணிக்கும், கரண்ட் போன அன்னைக்கும் எந்த லைன் ஓடுதோ, அதை வாங்கு." அவர் மறுநாளே தெருவில் நாலு வீடு விசாரித்திருக்கிறார். இருநூறு சொன்னவரை விட்டுவிட்டு, பெட்டிக்குப் பேட்டரி வைத்திருந்தவரிடம் நூறு வாங்கியிருக்கிறார். சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கும் நமக்கு இந்த விசாரணை புதிதல்ல. லைனையும் அப்படியே பார்த்து வாங்குவோம்.