பலயா தின்றால் முகம் ஏன் சிவக்கிறது?

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சம்பளம் போட்ட கிழமையில் மீன்காரரிடம் பலயா வாங்கிக் குழம்பு வைத்தாராம். சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குள் முகமும் கழுத்தும் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடத்திருக்கிறது. டிஸ்பென்சரியில் ஒவ்வாமைக்கான பிரிட்டன் குளிசை கொடுத்திருக்கிறார்கள், இரவுக்குள் சரியாகிவிட்டது. "மீனில் நாற்றமே இல்லை. எங்கள் ஊர்க் குளிரில் மீன் கெடவும் கெடாது. மருந்து அடித்த மீன்தானே?" என்று கேட்கிறார்.

மருந்தாக இருக்க வாய்ப்புக் குறைவு. அவர் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் ஹிஸ்டமினைக் காட்டுகின்றன. அதை மீன்காரர் போடவில்லை. மீனுக்குள்ளேயே அது உண்டானது, அநேகமாக அந்த மீன் மலையேறுவதற்கு முன்பே.

பலயாவும் கெலவல்லாவும் நிற்காமல் நீந்தும் சாதி. வேகமெடுக்கும்போது தசையில் அமிலம் சேரும். அந்த அமிலத்தைத் தாங்கிக்கொள்ள அவற்றின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் கட்டுப்படாத நிலையில் நிறைந்து கிடக்கிறது. பலயாவின் 100 கிராம் சதையில் 1 கிராமுக்கும் மேல் இருக்கும். பாறை மீன்களிலும் நன்னீர்த் திலாப்பியாவிலும் இது சொற்பம். அதனால்தான் இந்தத் தொல்லை சில மீன்களுக்கு மட்டும் உரியது.

மீன் செத்ததும் செவுளிலும் குடலிலும் குடியிருந்த பக்டீரியாக்கள் சதைக்குள் இறங்குகின்றன. மோர்கனெல்லா மோர்கனி என்பது அவற்றில் பேர்போன ஒன்று. இறந்த தசை கொஞ்சம் புளித்திருக்கும். புளிப்பு பக்டீரியாவுக்கும் ஆகாது. அது என்ன செய்கிறது தெரியுமா? ஹிஸ்டிடினை உள்ளே இழுத்து, தன் நொதியம் ஒன்றால் அதிலிருந்து ஒரு காபனீரொட்சைட்டைக் கழற்றி விடுகிறது. அந்த வேலையில் ஒரு புரோத்தன் செலவாகிறது. புரோத்தன் குறைந்தால் புளிப்புக் குறையும், பக்டீரியா பிழைத்துக்கொள்ளும். மிஞ்சுவதுதான் ஹிஸ்டமின். பக்டீரியா அதை வெளியே தள்ளிவிட்டுத் தன் பாட்டைப் பார்க்கிறது. அமிலத்துக்கு எதிராக மீன் வைத்திருந்த கையிருப்பை, அதே அமிலத்துக்கு எதிராகப் பக்டீரியா கொள்ளையடிக்கிறது! இதைப் படித்த நாளிலிருந்து மீன் கடையில் நின்று யோசிக்கும் வழக்கம் வந்துவிட்டது எனக்கு.

கணக்கையும் பாருங்கள். ஒரு கிலோ மீனில் 200 மில்லிகிராம் ஹிஸ்டமின் என்பது சர்வதேச உணவு நியமத்தின் எல்லை. பலயாவில் இருக்கும் ஹிஸ்டிடினில் நூற்றுக்கு மூன்று பங்குகூட மாற வேண்டியதில்லை, அந்த எல்லை வந்துவிடும். மிச்சத் தொண்ணூற்றேழு பங்கும் அப்படியே இருக்கும்போது மீன் எப்படிக் கெட்டதாகத் தெரியும்? மீன் நாற்றத்துக்குப் பொறுப்பு டிரைமெதிலமைன் என்ற வேறொரு பொருள். அது வருவது வேறு வழியில். மூக்கு நாற்றத்தைப் பிடிக்கும், ஹிஸ்டமினைப் பிடிக்காது.

இதைத் தேயிலைத் தொழிற்சாலையை வைத்துச் சொன்னால் மலையகத்தில் யாருக்கும் புரியும். கொழுந்தை வாட்டி ரோலரில் அரைக்கும்போது இலையின் நொதியம் பொலிபீனோலைச் சந்திக்கிறது, பச்சை செம்பாகிறது. டிரையரின் சூட்டில் நொதியம் சாகும், மாற்றம் நிற்கும். ஆனால் ஏறிய நிறம் இறங்காது. மீனிலும் அப்படித்தான். வெயிலில் ஐஸ் இல்லாமல் கிடக்கும் படகுத் தட்டு கொழுந்து மடுவம். பேலியகொடையிலிருந்து அவிசாவளை, கினிகத்தேனை, ஹற்றன், தலவாக்கலை, லிந்துலை என்று வளைந்து வளைந்து வரும் லொறி ரோலர். நம் வீட்டுச் சட்டி டிரையர். சட்டிச் சூட்டில் பக்டீரியாவும் நொதியமும் செத்துப்போகும், உண்டான ஹிஸ்டமின் மட்டும் அசையாது. ரின் மீனை அடைக்கும் 121 பாகைச் சூட்டையே தாங்கும் பொருள் அது. தண்ணீர் 95 பாகையை ஒட்டிக் கொதித்துவிடும் மலை உயரத்தில் அதை என்ன செய்துவிட முடியும்? தொழிற்சாலையிலாவது மணந்து பார்த்துப் 'போதும்' என்று சொல்ல ஒரு டீமேக்கர் இருக்கிறார். மீனுக்கு அப்படி ஒருவரும் இல்லை. இந்த ஒப்புமையை இதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும்: கொழுந்தின் நொதியம் கொழுந்துக்கே சொந்தம், மீனில் வேலை செய்வது அந்நியனுடையது.

அந்த அந்நியன் செத்த பிறகும் நொதியம் ஓய்வதில்லை என்பது இன்னும் மோசம். பக்டீரியாவைக் குளிர் அடக்கினாலும் ஏற்கெனவே உண்டான நொதியம் குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் மெல்ல ஓடும். உறையவைத்தால் தூங்கும், மீனை இளக வைத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இப்போது வாசகியின் குளிர்க் கணக்குக்கு வருவோம். அக்கரப்பத்தனையில் 15 பாகைக்குக் கம்பளி போர்த்துகிறோம். மீனுக்கு அது குளிரே அல்ல. இந்தப் பக்டீரியாக்களை மந்தமாக்க 4 பாகைக்குக் கீழே போக வேண்டும். அதிலும் சில வகைகள் விடாப்பிடியாக வளரும். மலைக் காற்று ஐஸுக்கு ஈடாகாது. ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது வெப்ப நாடுகளுக்குச் சொல்லப்படும் அளவு. மோட்டார் சைக்கிளின் ரெஜிபோம் பெட்டியில் மேலாக ஒரு பிடி தூவியிருப்பது ஐஸ் போட்டதாகக் கணக்கில் வராது. பலநாள் படகுகள் கடலில் வாரக்கணக்கில் நிற்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம். பிடித்த முதல் சில மணி நேரத்தில் கோட்டை விட்டால், பிறகு எவ்வளவு ஐஸ் கொட்டினாலும் அந்த மணி நேரங்கள் திரும்பி வராது.

ஆனால் நமக்குப் பிடித்த வில்லன் எப்போதும் வேறொருவன். 2020இல் பேலியகொடைச் சந்தையில் கொரோனாக் கொத்தணி வந்ததும் மீனே விஷமாகிவிட்டது. மீன்பிடித்துறை முன்னாள் இராஜாங்க அமைச்சர் திலிப் வெதஆரச்சி ஊடகவியலாளர் முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்ட வேண்டியிருந்தது. மற்றக் காலங்களில் போர்மலின் வில்லன். 2018இல் கேரளத்தில் போர்மலின் கலந்த மீனைப் பறிமுதல் செய்தது உண்மை. கலப்படம் கற்பனை அல்ல. அதற்காக ஒவ்வொரு தடிப்புக்கும் போர்மலினைக் கூப்பிட முடியாது. சில மீன்களின் சதையில் தானாகவே கொஞ்சம் போர்மல்டிஹைட் உண்டாகும் என்பதைக் காணொளி விஞ்ஞானிகள் சொல்வதில்லை.

வரலாறும் வேண்டுமென்றால், சுருக்கமாக. இந்த நஞ்சைப் பற்றிய ஒரு முக்கியமான அவதானிப்பு இலங்கையில் நடந்தது. காசநோய்க்கு ஐசோனியசிட் குடிக்கும் நோயாளிகள் பலயா போன்ற மீனைச் சாப்பிட்டதும் சிவந்து தலையிடியோடு தவிப்பதைக் கண்ட சீ. ஜீ. உரகொடவும் எஸ். ஆர். கோட்டேகொடவும் 1977இல் அதைப் பற்றி எழுதினார்கள். நம் குடலில் ஹிஸ்டமினைச் சிதைக்கும் நொதியம் ஒன்று காவலுக்கு இருக்கிறது. ஐசோனியசிட் அதை முடக்கிவிடுகிறது. மற்றவர்கள் தாங்கும் அளவே இவர்களை விழுத்தப் போதும். காச மருந்து எடுக்கும் யாராவது வீட்டில் இருந்தால் இந்தப் பந்தியை அவரிடம் காட்டுங்கள். மருந்தை நிறுத்தச் சொல்லி அல்ல, பலயாவை நிறுத்தச் சொல்லி.

பழைய கைமுறை ஒன்றை மட்டும் எனக்கு ஏளனம் செய்யத் தோன்றவில்லை. அம்புல் தியலுக்குப் போடும் கொறக்கா, அதாவது கேரளத்துக் குடம்புளி. மங்களூர், மலபார்க் கரைகளில் கும்புளாவைச் சுத்தம் செய்து, உப்பும் இந்தப் புளியும் அடைத்துப் பீப்பாயில் கொழும்புக்கு ஏற்றினார்கள். இதன் வேதியியல் கொஞ்சம் குறும்பானது. லேசான புளிப்பு பக்டீரியாவை உசுப்பி இன்னும் ஹிஸ்டமினைச் செய்ய வைக்கும். கடும் புளிப்பு அதன் மூச்சையே நிறுத்தும். ஆகவே கொறக்கா தாராளமாக வேண்டும், மீன் புதிதாக இருக்கும்போதே வேண்டும். மாலையில் வாங்கிய பலயாவில் தேசிக்காய் பிழிந்து பத்து நிமிடம் வைப்பது ருசிக்கு நல்லது, அவ்வளவுதான்.

இது ஒவ்வாமையா நஞ்சா என்று பிரிப்பதும் முக்கியம். டிஸ்பென்சரிக் கொப்பியில் 'மீன் ஒவ்வாது' என்று ஒருமுறை எழுதிவிட்டால் ஆயுள் முழுக்க மீனை விட்டவர்கள் உண்டு. பிரிட்டன் கேட்டதால் அது ஒவ்வாமை என்று ஆகிவிடாது. இரண்டிலும் ஆட்டுவது ஹிஸ்டமின்தான், ஒன்றில் நம் உடம்பு சுரந்தது, மற்றதில் மீனோடு வந்தது. அதே சட்டியில் சாப்பிட்ட மற்றவர்களுக்கும் சிவந்ததா? முன்பு அதே மீனைச் சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல் இருந்ததா? இரண்டுக்கும் ஆம் என்றால் மீனைத்தான் சந்தேகிக்க வேண்டும். முடிவு வைத்தியருடையது. மூச்சுத் திணறினாலோ தலை சுற்றி விழுந்தாலோ ஆராய்ச்சியெல்லாம் பிறகு, முதலில் ஆஸ்பத்திரி.

மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றாலும் மீனுக்கு நற்சான்று கொடுத்துவிட முடியாது. ஹிஸ்டமின் ஒரே மீனில்கூடச் சமமாகப் பரவுவதில்லை. குடலுக்கும் செவுளுக்கும் பக்கத்துத் துண்டில் கூடலாம், வால்பக்கம் குறையலாம். ஐரோப்பிய ஒன்றியம் ஒரு தொகுதிக்கு 9 மாதிரிகள் எடுத்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான். லயத்து வாசலில் பெட்டியைத் திறக்கும் மீன்காரரிடம் ஒன்பது மாதிரி கேட்க முடியாது. ஐஸ் எங்கே போட்டீர்கள், எப்போது மாற்றினீர்கள் என்று கேட்கலாம். பதில் தடுமாறினால் அன்றைக்குப் பலயாவை விட்டுப் பாறை மீனோ திலாப்பியாவோ வாங்குங்கள்.