எல்லை தாண்டி வாழ வந்தவர்கள்

கடலூரிலிருந்து பாகூர் பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். பஸ்ஸில் வருகிறவர்கள் முள்ளோடையில் வரிசையாக நிற்கும் மதுக்கடைகளைப் பார்த்துத்தான் தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி தொடங்கிவிட்டதைத் தெரிந்துகொள்கிறார்கள். 1950இல் இதே பக்கமாக மாட்டு வண்டியில் பாகூருக்கு வாழ வந்த பெண், இந்தியாவை விட்டுப் பிரெஞ்சு ஆட்சிக்குள் காலடி வைத்தாள். அவளுக்கு அது அப்படித் தோன்றியிருக்காது. இரண்டு பக்கமும் அதே பேச்சு, அதே சாமி, அதே சம்பா நெல். நடுவில் சுங்கச் சாவடி மட்டும் இருந்தது.

1941இல் பிரிட்டிஷ் இந்தியாவும் பிரெஞ்சு இந்தியாவும் சுங்க உடன்படிக்கை செய்துகொண்டதால் சில ஆண்டுகள் சோதனைத் தொல்லை குறைந்திருந்தது. 1949இல் அது முடிவுக்கு வந்ததும் இந்திய அரசு எல்லையைச் சுற்றிக் காவல் போட்டது. தங்கமும் வெளிநாட்டுச் சரக்கும் புதுவைத் துறைமுகம் வழியே கடத்தப்படுவதைத் தடுக்க வந்த காவல் அது. புதுவையின் நிலமோ ஒரே துண்டாக இல்லை. கிழிந்த துணியைப் போலத் தென்னாற்காடு மாவட்டத்துக்குள் சிதறிக் கிடந்தது. பொங்கல் சீர் கொண்டு வந்த அண்ணன்காரன் புடவையையும் அரிசியையும் வழியில் அவிழ்த்துக் காட்ட வேண்டியிருந்தது. 1954 அக்டோபர் 18 அன்று, வில்லியனூர்ப் பக்கம் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர்வதற்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சீர்வரிசைக்கு இருந்த சோதனையும் அதோடு ஒழிந்தது.

சீர்வரிசையை விடச் சிக்கலான இன்னொன்று உண்டு. பிரெஞ்சு நிர்வாகத்தில் பிறப்பும் கல்யாணமும் சாவும் கொம்யூன் அலுவலகத்தில், ஊர் வழக்கில் மேரியில், பதிவாக வேண்டும். 1880இல் கொம்யூன்கள் ஏற்பட்டபோது புதுவை வட்டாரத்தில் நான்குதான்: புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர். 1907இல் அவை எட்டாயின. வாழ வந்தவளின் தலைப்பிள்ளை மட்டும் இந்த ஏட்டில் ஏறாது. வளைகாப்பு முடிந்து அவள் தாய்வீடு போவாள்; பிள்ளை கடலூர்ப் பக்கம் பிறக்கும். அடுத்தது பாகூரில் பிறக்கும். 1956இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தம், ஒருவர் எங்கே பிறந்தார், எங்கே குடியிருந்தார் என்று பார்த்துத்தான் குடியுரிமையை நிர்ணயித்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது. ஏறத்தாழ 5,000 பேர் எழுதிக் கொடுத்தார்கள். வளைகாப்புக்கு நாள் குறித்த பெரியவர்கள் இதையெல்லாம் நினைத்தா குறித்தார்கள்? இன்று போக்கு தலைகீழ். கடலூர், விழுப்புரம் மாவட்டத்துப் பெண்கள் பிரசவத்துக்கு எல்லை தாண்டி ஜிப்மர் மருத்துவமனைக்கு வருகிறார்கள். புதுச்சேரியின் பிறப்பு ஏட்டில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஏறுகிறார்கள்.

நிலத்தின் கதை வேறு. புதுவையில் 576 சதுர அடி ஒரு குழி. 100 குழி ஒரு காணி. ஏக்கர்க் கணக்கில் ஒன்றேகாலுக்குச் சற்று மேல். பிரெஞ்சுக்காரர்கள் அதை 53.5 ஆர் என்று ஏட்டில் ஏற்றினார்கள். இன்றைய பத்திரங்களிலும் ஆர், சென்டியார் இருக்கிறது. பிரெஞ்சு நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட புதுவை வழக்கப்படி, தகப்பன் இருக்கும்வரை நிலத்துக்கு அவரே முழு உரிமையாளர். பிறப்பால் மகனுக்குப் பங்கு கிடையாது. மகனுக்கே இல்லாதபோது மருமகளைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? இந்து வாரிசுரிமைச் சட்டம் இங்கே வந்து சேர்ந்ததே 1963இல்தான். நாற்பது ஆண்டு அந்த மண்ணில் பாடுபட்ட பெண், தன் பெயரை ரேஷன் அட்டையில் பார்த்திருப்பாளே தவிர எந்தப் பத்திரத்திலும் பார்த்திருக்க மாட்டாள்.

மண்ணைத் தேடி ஊர் விட்டு ஊர் போன பெண்களின் கதை உலகமெங்கும் உண்டு. 1862இல் அமெரிக்காவில் லிங்கன் கையெழுத்திட்ட குடியேற்ற நிலச் சட்டம், ஐந்து ஆண்டு தங்கிப் பயிர் வைத்தால் 160 ஏக்கர் சொந்தம் என்றது. நம் கணக்கில் 121 காணி! மணமாகாத பெண்ணும் கைம்பெண்ணும் தம் பெயரிலேயே கேட்டு வாங்கலாம். டென்மார்க்கிலிருந்து கப்பலேறி நெப்ராஸ்காவின் புல்வெளியில் வீடு கட்டிக்கொண்ட பெண்கள் அந்த நம்பிக்கையில் போனவர்கள். அதற்கு ஓராண்டு முன்னால், 1861இல், ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் செய்துகொண்ட ஒப்பந்தத்திலும் ஐந்து ஆண்டுதான். புதுவை, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ரெயூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன கூலிகள் உழைத்துக் கழிக்க வேண்டிய காலம் அது. கப்பலேறுகிறவர்களில் நான்கில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும் என்று விதியும் இருந்தது. ஐந்து ஆண்டு முடிந்ததும் டேனிஷ்காரிக்கு நிலம். நம்மவளுக்குத் திரும்பி வரக் கப்பலில் இடம். வராதவர்களே அதிகம்.

அந்த ஐந்து ஆண்டு இன்றைக்கும் நம் ஊரை விடவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வாழ வந்த பெண் புதுச்சேரியில் குடியிருப்புச் சான்று கேட்டால், ஐந்து ஆண்டு தொடர்ந்து வசித்ததைக் காட்ட வேண்டும். அது இல்லாமல் அரசு வேலைக்கு மனுப் போட முடியாது. பட்டியல் சாதிப் பெண் என்றால் சிரமம் இன்னும் கூடுதல். புதுச்சேரிக்கான பட்டியல் சாதி ஆணை 1964இல் வந்தது. சலுகை பூர்வீகக் குடிகளுக்கு மட்டுமா, குடிபெயர்ந்து வந்தவர்களுக்கும் உண்டா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. சுங்கச் சாவடி எடுபட்டுவிட்டது. மூட்டையை அவிழ்த்துக் காட்டும் வேலை தாலுகா ஆபீசுக்கு மாறிக்கொண்டது.

அன்று வாழ வந்தவள் பட்ட பாடு எது, இன்று எது மிச்சம் என்று பார்த்தால், நீரிலிருந்து தொடங்க வேண்டும். பாகூர் ஏரி புதுச்சேரியில் ஊசுட்டேரிக்கு அடுத்துப் பெரியது. அதற்கான தண்ணீரும் எல்லைக்கு அப்பாலிருந்துதான் வருகிறது. தமிழ்நாட்டுப் பக்கம் சொர்ணாவூரில் தென்பெண்ணையில் கட்டிய அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் அதைக் கொண்டுவந்து சேர்க்கிறது. சிங்காரி, பங்காரி என்ற இரண்டு தாசிப் பெண்கள் தங்கள் பொருளைச் செலவழித்து வாய்க்கால் வெட்டினார்கள் என்பது ஊரில் வழங்கும் கதை. ஏரி போக, இந்த வட்டாரத்தில் குழாய் இறக்கினால் தண்ணீர் தானாகப் பொங்கி வழிந்த காலமும் இருந்தது. இன்று மோட்டார் இல்லாமல் சொட்டு வராது. நெய்வேலிச் சுரங்கத்துக்காக நிலத்தடி நீரை இறைப்பதைச் சிலர் காரணம் சொல்கிறார்கள். ஊருக்குள் பெருகிவிட்ட போர்வெல்களைச் சிலர் சொல்கிறார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. குடத்தோடு நடந்த தூரம் பெண்களுக்கு மிச்சமாயிற்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

காணி வைத்திருந்த வீட்டு மருமகள் களத்தோடு நிற்பாள். கூலிக்காரர் வீட்டு மருமகள் சேற்றில் இறங்குவாள். பாகூர் நெல்லைப் பற்றிப் பேசும்போது இந்த வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. புதிதாக வந்தவளின் கையை ஊர் எடைபோட்டது நடவில்தான். நாற்றைப் பிடுங்கி, வேர்ச் சேற்றைக் காலில் தட்டி உதறி, முடியாகக் கட்டி வீசுவார்கள். இடது கையில் முடி. வலது கை இரண்டு மூன்று நாற்றாகப் பிரித்து, வேர் மட்டும் புதையும்படி விரலால் செருகும். உடம்பு குனிந்தபடியே பின்னோக்கி நகரும். வரிசையில் பின்தங்கினால் இரண்டு பக்கத்திலும் நட்டுக்கொண்டு போகிறவர்கள் கேலி பேசுவார்கள். பிறந்த ஊரில் கற்ற பாட்டை இங்கே பாடினால், அவள் எந்த ஊர்க்காரி என்று அதிலேயே தெரிந்துவிடும்.

அறுப்பு முடிந்தால் வேலை வீட்டுக்குள் வரும். அண்டாவில் ஊறவைத்து, விடியுமுன் அவித்து, வாசலில் பரப்பிக் காலால் கிளறிக் கிளறிக் காயவைத்து, உரலில் குத்திப் புடைக்க வேண்டும். ரைஸ் மில் வந்தபோது இடுப்பு முதன்முறையாக நிமிர்ந்தது. இப்போது அறுப்பு மெஷின் ஓர் ஏக்கரை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. நெல் ஈரத்தோடு களத்திலேயே விலையாகிப் போய்விடுகிறது. குதிர் இருந்த மூலையில் ஃபிரிட்ஜ் நிற்கிறது. புதுவையின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய பாகூரில், சோற்றுக்கு அரிசி கடையிலிருந்து வருகிறது. அதுவும் 26 கிலோ சிப்பம், ஏனென்றால் 2022இலிருந்து 25 கிலோ வரைக்கும் ஜிஎஸ்டி உண்டு. இடையில் சில ஆண்டுகள் ரேஷன் கடைகளே மூடிக் கிடந்தன. அரிசிக்குப் பதில் பணம் வங்கியில் விழுந்தது. நெல் விளைகிற ஊரில் அரிசிக்காக ஏடிஎம் வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்து யார்தான் சிரிக்காமல் இருக்க முடியும்?

ஆனால் அந்தப் பணம் விழுந்தது அவர்கள் பெயரில். 2023இல் குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் என்ற திட்டம் வந்தது. அதுவும் அவர்கள் கணக்கில்தான். 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரிப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 80.67 சதவீதம். 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுவாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியபோது, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நெல் விலையையும் ஆஸ்பத்திரி விவரத்தையும் ஊருக்குச் சொன்னவர்களில் பலர் உள்ளூர்ப் பெண்கள். அவர்கள் பிள்ளைகள் காலத்தில் அந்த மையம் செல்போனுக்குள் அடங்கிவிட்டது. இன்றைய மருமகள் கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் மருத்துவக் கல்லூரிகளிலோ தொழிற்பேட்டை கம்பெனியிலோ வேலைக்குப் போகிறாள். பெண்கள் பெயரில் பதிந்தால் முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டென்று மனைப்பத்திரங்களில் அவள் பெயர் ஏறுகிறது. அந்த மனைகளில் பல, மாமியார் நடவு நட்ட வயல்கள். கையில் நிலம் வந்த வேளையில் அது நிலமாக இல்லை. இது நஷ்டமா என்று மாமியாரைக் கேட்டால் சொல்லுவார். மருமகளைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லுவாள். எனக்கு மருமகள் சொல்வதில் நியாயம் கூடுதலாகப் படுகிறது.

மிச்சமிருக்கும் வயல்களில் நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை. நூறு நாள் வேலையையும் கம்பெனி பஸ்ஸையும் விட்டுவிட்டுச் சேற்றில் இறங்க யாருக்கு மனம் வரும்? வட மாநிலங்களிலிருந்து ஆட்கள் கூட்டமாக வருகிறார்கள். ஏக்கர்க் கணக்கில் கூலி பேசி, விடியற்காலையில் இறங்கி நட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். பெண்களின் வேலையாகவே இருந்த நடவில் இன்று ஆண்கள் குனிந்து நிற்கிறார்கள். பாட்டு உண்டு, அது செல்போனில் ஓடுகிறது. வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஆயாவிடம், எப்படி நடுகிறார்கள் என்று கேட்டேன். அவரும் கடலூர்ப் பக்கத்திலிருந்து வாழ வந்தவர்தான்.

"வேகமாத்தான் நடுறானுங்க. ஆனா ஆழமா வைக்கிறானுங்க, தூர் கட்டாது," என்றார். பிறகு வயல்காரரைக் கூப்பிட்டு, தண்ணியைக் கொஞ்சம் வடிக்கச் சொன்னார்.